1781-ஆம் வருடப் புகையிலையைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள், புதன். ரிச்மண்ட் – ஜேம்ஸ்டவுன்

சார்ஜெண்ட் பொட்டலத்தைப் பிரித்து ஒரு தடவைதான் மோந்து பார்த்தார். "ஐஸ்கிரீம் கடை" என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சார்ஜெண்ட் என்றால் நிஜ சார்ஜெண்ட் இல்லை. வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வருடத்தில் நாலைந்து வார இறுதிகளில் அமெரிக்கப் புரட்சிப் போரின் வர்ஜினியா படைப்பிரிவு ஒன்றின் உடுப்பை மாட்டிக்கொண்டு எங்களை மேய்ப்பவர். இங்கே இதை ரீ-எனாக்ட்மென்ட் என்பார்கள். பழைய போரை அதே உடை, அதே துப்பாக்கி, அதே சாப்பாட்டோடு நடித்துக் காட்டும் பொழுதுபோக்கு. இரண்டு வருடமாக நானும் இதில் இருக்கிறேன். மதுரைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கைவசம் உண்டு: அந்தக் கால வர்ஜினியாச் செய்தித்தாள்களில் வந்த, ஓடிப்போன வேலைக்காரர்களைத் தேடும் விளம்பரங்களில் கிழக்கிந்தியாவில் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். ஆக, நான் ஒன்றும் வழி தவறி வந்தவன் இல்லை.

அக்டோபரில் யார்க்டவுனில் முகாம். 1781 அக்டோபர் 19-இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்த அதே ஊர். முகாமில் சிப்பாயின் சொந்தச் சாமான்களை ஒரு கம்பளியில் பரப்பி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுவோம். இந்த வருடம் புகையிலை என் பொறுப்பு. சுலபம் என்று நினைத்து, வழியில் ஒரு பரிசுப் பொருள் கடையில் முக்கோணத் தொப்பி படம் போட்ட பொட்டலத்தை வாங்கிவிட்டேன். உள்ளே இருந்தது வெனிலா தெளித்த கறுப்புத் தூள். எங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பொய்ப் பழமைக்கு 'ஃபார்ப்' என்று ஒரு வசவு உண்டு. சார்ஜெண்ட் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பெருந்தன்மை.

சரி, ஐந்து நாள் லீவு போட்டுத் தேடியே விடுவது என்று கிளம்பினேன். வீட்டில் மனைவி கேட்டது: "புகையிலை வாங்க லீவு போடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

ரிச்மண்டிலிருந்து ஐந்தாம் எண் சாலையில் ஜேம்ஸ் ஆற்றை ஒட்டியே போனால் ஒரு மணி நேரத்தில் ஜேம்ஸ்டவுன். 1607-இல் ஆங்கிலேயர் வந்து இறங்கிய இடம். ஊருக்குப் பெயர் கொடுத்த முதலாம் ஜேம்ஸ் அரசருக்குப் புகையிலை என்றாலே ஆகாது. 1604-இல் அதைத் திட்டித் தன் கையாலேயே ஒரு பிரசுரம் எழுதினார். கடைசியில் அவர் பெயர் கொண்ட ஊர் பிழைத்ததே புகையிலையால்தான்.

இங்கே பழங்குடிகள் புகைத்துக்கொண்டிருந்தது 'ரஸ்டிகா' என்ற குட்டை இனம். நாக்கைக் கடிக்கும் காரம் என்று வந்த வெள்ளையர்கள் முகம் சுளித்தார்கள். ஜான் ரால்ஃப் என்பவர் ஸ்பானியர் வசமிருந்த கரீபியன் பக்கத்து இனத்தின் விதையை எப்படியோ வரவழைத்து 1612 வாக்கில் நட்டார். அது பிடித்துக்கொண்டது. தெருவில்கூட நட்டார்கள் என்று படித்திருக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் என்னை நிறுத்தியது இலை இல்லை, அதைப் புகைக்கும் குழாயான சுங்கான். 1608-லேயே ராபர்ட் காட்டன் என்ற சுங்கான் செய்பவர் கப்பலில் வந்திருக்கிறார். அதாவது ரால்ஃப் விதை போடுவதற்கு நாலு வருடம் முன்பே. உள்ளூர்ச் செம்மண்ணில் அவர் செய்தவை கிணற்றிலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றின் தண்டில் லண்டன் பெரிய மனிதர்களின் பெயரைக் குத்தியிருக்கிறார். சோற்றுக்கே வழியில்லாத கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு வேலை.

புகையிலை அடைக்கும் கிண்ணம் எவ்வளவு சின்னது தெரியுமா? என் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் அதிகம். புகையிலை விலை அப்படி. அப்புறம் விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது, தண்டு நீண்டது, துளை சிறுத்தது. இந்தத் துளையை வைத்தே காலம் சொல்லலாம் என்று 1954-இல் ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர் கண்டுபிடித்தார். அங்குலத்தை 64 பாகமாக்கினால், 1620-க்கு முந்திய தண்டுகளில் பெரும்பாலும் 9 பாகத் துளை, 1750-க்குப் பின் 4 பாகம். அளக்க அவர் பயன்படுத்தியது சாதாரண டிரில் பிட்டுகள். ராத்திரி விடுதி அறையில் என் நகல் சுங்கானுக்குள் டிரில் பிட்டை விட்டுப் பார்த்தேன். 4 தாராளமாகப் போனது, 5 மாட்டிக்கொண்டது. பாஸ்.

இரண்டாம் நாள், வியாழன். வில்லியம்ஸ்பர்க், யார்க்டவுன்

வில்லியம்ஸ்பர்க்கைப் பற்றி எழுத எல்லோரும் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். காலையில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிந்தது. சாராயக் கடையில் எல்லோரும் ஒரே நீளச் சுங்கானைப் பிடித்தார்கள், அடுத்தவன் வாய் வைக்கும் முன் நுனியை ஒடித்துப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நானே போன வருடம் ஒரு பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஆதாரமே இல்லையாம். களிமண் சுங்கான் மலிவு, ஒடிந்தால் ஒடிந்தது. அழுக்கேறினால் இரும்புக் கூண்டில் அடுக்கி நெருப்பில் சுட்டு வெளுப்பாக்கினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

மதியம் யார்க்டவுன். அங்குள்ள புரட்சிப் போர் அருங்காட்சியகத்தின் பின்பக்கம் அந்தக் கால நடுத்தர விவசாயி வீடு ஒன்றைக் கட்டி, தோட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். புகையிலையும் உண்டு. செப்டம்பர் கடைசி என்பதால் வெட்டிய செடிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. செடியோடு வெட்டிய அடித்தண்டில் கழி கோத்து, கழியைச் சட்டத்தில் ஏற்றியிருந்தார்கள். மேலே பச்சை கலந்த மஞ்சள், கீழே பழுப்பு. பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று வருகிறது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஒன்றிரண்டு மாதம் இப்படியே ஆறவிடுவார்கள். மழை தொடர்ந்து பூஞ்சை பிடிக்கும் போலிருந்தால் மட்டும் தரையில் கொஞ்சம் நெருப்பு.

விவசாயி வேடத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் ஒரு காய்ந்த இலையை எடுத்து விரலால் தட்டினார். அப்பளம் போல நொறுங்கியது. பக்கத்தில் கொஞ்ச நேரம் ஈரத்துணியில் சுற்றி வைத்த இன்னொன்றை எடுத்து முஷ்டியில் கசக்கி விரித்தார். துணி மாதிரி விரிந்தது. இந்த நிலைக்கு இங்கே 'இன் கேஸ்' என்று பெயர். பதம் வந்த பிறகுதான் இறக்குவார்கள், கட்டுவார்கள், பீப்பாயில் அழுத்துவார்கள். பதம் தப்பி ஈரம் அதிகமானால் பீப்பாயிலேயே அழுகும். எங்கள் தாத்தா திண்டுக்கல் பக்கம் புகையிலை போட்டவர். அவர் சொன்ன வார்த்தையும் பதம்தான். பனி இறங்கும் விடியற்காலையில்தான் இலைமேல் கை வைப்பார்.

ஒரு பீப்பாய் ஏறக்குறைய 1,000 பவுண்டு. மாட்டைப் பூட்டி, சாலையில் உருட்டியே துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். குப்பையைக் கலந்து அனுப்பி வர்ஜினியா பெயரைக் கெடுத்ததால் 1730-இல் சட்டம் வந்தது: ஏற்றுமதி இலை எல்லாம் அரசுக் கிடங்குக்கு வர வேண்டும், பீப்பாயை உடைத்துப் பார்ப்பார்கள், மட்டமானதை அங்கேயே கொளுத்துவார்கள். தேறியதற்குக் கொடுத்த ரசீது ஊருக்குள் பணமாகவே புழங்கியது. பாதிரியார் சம்பளமே வருடத்துக்கு 16,000 பவுண்டு புகையிலை. இதையெல்லாம் நட்டதும் கிள்ளியதும் புழுப் பொறுக்கியதும் பெரும்பாலும் அடிமைகள். அந்த அம்மாள் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். சிப்பாய் பையில் எந்த உருவத்தில் இருந்திருக்கும்? தூளாக நறுக்கிய பொட்டலம் இல்லை. கயிறு போல முறுக்கிய திரி. வேண்டும்போது பேனாக்கத்தியால் நாலு வில்லை சீவி, உள்ளங்கையில் தேய்த்து, சுங்கானில் அடைக்க வேண்டும். அதையே வாயில் அதக்கலாம். எந்த ரகம் என்றால், யார்க் ஆற்றங்கரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'ஸ்வீட்-சென்டட்', மற்ற இடங்களில் 'ஓரினோகோ'. ஓரினோகோ என்ற பெயரில் இன்றும் விதை விற்கிறது. ஆனால் 240 வருடம் கை மாறி மாறி வந்த விதை அதேதானா என்று யார் சத்தியம் செய்வது? "பெயரைக் கேட்காதீர்கள், எப்படிக் காய வைத்தது என்று கேளுங்கள்" என்றார் அந்த அம்மாள். இந்தப் பயணத்துக்கே இந்த ஒரு வரி போதும். பரணில் தொங்கிய இலையில் இரண்டு தருவீர்களா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ராத்திரி பீட்டர்ஸ்பர்கில் தங்கல். இட்லி கிடைக்கும் என்று கூகுள் சொன்ன இடம் மூடிக் கிடந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி. பிளாக்ஸ்டோன் – ஃபார்ம்வில்

460-ஆம் சாலையில் மேற்கே போகப் போக ஊர்கள் சுருங்கிப் பைன் மரங்கள் நெருங்குகின்றன. வர்ஜினியாவில் புகை போட்டுப் பதப்படுத்தும் கறுப்புப் புகையிலை இன்னும் மிச்சமிருப்பது இந்தப் பக்கத்தில்தான். சார்ஜெண்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு விவசாயியிடம் முன்பே பேசி வைத்திருந்தேன்.

வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவைப்படவில்லை. தகரம் போர்த்திய உயரமான கொட்டகை, கூரையின் ஒவ்வொரு இடுக்கிலும் புகை. புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது வருடத்துக்கு ஒரு தடவை தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள் என்று சிரித்தார்.

கதவைத் திறந்தார். முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். அப்புறம் மெல்லத் தெரிந்தது. மண் தரையில் நீளவாக்கில் கட்டைத் துண்டுகள், அவற்றின் மேல் ஈரமான மரத்தூள் மேடு. தீ எரியக்கூடாது, கனிய வேண்டும். மேடு ஒரு பக்கம் சிவந்தால் மண்வெட்டியால் தூள் அள்ளிப் போட்டு அடக்குகிறார். மேலே அடுக்கு அடுக்காக, கூரை வரை, கழிகளில் செடிகள். வௌவால் கூட்டம் போல. அடிவரிசை இலைகள் காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்திருந்தன, தொட்டால் விரல் ஒட்டியது. முகர்ந்தால் முதலில் விறகடுப்பு, அதற்குப் பின்னால் லேசாக உலர் திராட்சை. பாட்டி வீட்டுப் பரணில் இறக்கிய வெல்லப் பானையின் வாசனை மாதிரி என்று எனக்குத் தோன்றியது, அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மஞ்சளாவதற்குச் சில நாள் விட்டு, பிறகு நெருப்பு, நிறுத்தி ஈரம் ஏறவிடுவது, மறுபடி நெருப்பு என்று வாரக்கணக்கில் போகுமாம். ராத்திரி எழுந்து பார்க்க வேண்டும். போன தலைமுறையில் இதே சாலையில் வீட்டுக்கு வீடு கொட்டகை, இப்போது அவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அவர் மட்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மெல்லுகிற புகையிலை, மூக்குப்பொடிக் கம்பெனிகள். சுங்கான் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

நான் கொஞ்சம் தயங்கிக் கேட்டேன்: இது 1781-க்குப் பொருந்துமா? தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். இவ்வளவு கடும்புகை அப்போது போட்டிருக்க மாட்டார்கள், கொட்டகை எரிந்தால் வருட வருமானம் போச்சு என்றார். அவர்களுக்கு நெருப்பு ஈரத்தை விரட்டத்தான், ருசிக்கு இல்லை. அதற்கு அவரிடமே பதில் இருந்தது. பக்கத்துச் சின்னக் கொட்டகையில் நெருப்பே போடாமல் காற்றில் ஆறவிட்ட போன வருடத்துக் கறுப்பு இலை. தன் தகப்பனார் வாய்க்காகச் செய்வதாம். அதில் ஒரு கட்டு எடுத்து, புகை போட்டதில் நாலு இலையும் சேர்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. காரில் இருந்த முறுக்கு டப்பாவை நீட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு டப்பாவோடு வாங்கிக்கொண்டார்.

வயலில் மிச்சம் நின்ற செடிகளுக்குள் என்னை இறங்கவிடவில்லை. காலையில் மழை. ஈர இலை தோலில் பட்டாலே நிக்கோட்டின் உள்ளே போய் வாந்தி, தலைச்சுற்றல் வரும், புது ஆட்கள் அப்படி விழுவார்கள் என்றார். இது எனக்குப் புதுச் செய்தி.

நான்காம் நாள், சனி. டான்வில், யான்சிவில், டர்ஹாம்

தேடியது கிடைத்துவிட்டது. திரும்பியிருக்கலாம். ஆனால் எது கூடாது என்பதையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தெற்கே வண்டியை விட்டேன்.

டான்வில் தாண்டி எல்லையைக் கடந்தால் வட கரோலைனாவின் கேஸ்வெல் கவுண்டி. 1839-இல் இங்கே ஸ்லேட் என்பவரின் பண்ணையில் ஸ்டீஃபன் என்ற அடிமைக் கொல்லர் கொட்டகை நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தூங்கிப்போனாராம். விழித்துப் பார்த்தால் நெருப்பு அணையும் நிலை. பதறி, உலைக்களத்துக் கரியை அள்ளி வந்து போட்டார். திடீர் வெப்பத்தில் இலை முழுக்கப் பொன் மஞ்சளாகிவிட்டது. சொல்லப்படும் கதை இது. அதன் பிறகு எஜமானர் பெயர் பரவியது. 

அந்த மஞ்சள் இலைதான் இன்றைக்கு உலகமே 'வர்ஜினியா' என்று சொல்லும் புகையிலை. இங்கேதான் என் பொட்டலம் ஏமாற்றியது. பெயர் வர்ஜினியா, ஆனால் வாஷிங்டன் காலத்து வர்ஜினியாவில் அப்படி ஒரு இலை கிடையாது. பைப் கலவைகள் பலவற்றில் சேரும் வெள்ளை பர்லி 1864-இல் ஒஹாயோவில் தற்செயலாகக் கிடைத்த ரகம். இரண்டையும் கழித்துவிட்டால் கடை அலமாரியில் யார்க்டவுன் சிப்பாய்க்கு ஆகும் டப்பா அநேகமாக எதுவும் மிஞ்சாது. இங்கிலாந்தின் கெண்டலில் இன்றும் கயிறாகத் திரித்து விற்கிறார்கள், எங்கள் ஆட்கள் பலர் அதைத்தான் வரவழைக்கிறார்கள். உருவத்துக்கு அது சரி.

டர்ஹாமில், பின்னாளில் சிகரெட் தொழிலில் கொழித்த டியூக் குடும்பத்தின் பழைய பண்ணை. 1852-இல் கட்டிய வீடு, பக்கத்தில் மண் பூசிய மரக் கொட்டகை. வெளியே அடுப்பு வாய், உள்ளே தரையோடு ஓடும் இரும்புக் குழாய். சூடு மட்டும் உள்ளே வரும், புகை வராது. இலையைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பறித்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம். இப்படிச் சட்டென்று உலர்த்துவதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது, புகை நெஞ்சுக்குள் இழுக்க இதமாக இருக்கிறது. காற்றில் ஆறிய கறுப்பு இலையின் புகையை அப்படி இழுக்க முடியாது, தொண்டை அடைக்கும், வாயோடு சரி. சிகரெட் என்ற பண்டம் இந்த மஞ்சள் இலையின் பிள்ளை என்று அங்கே நின்றபோது உறைத்தது. 1865 ஏப்ரலில் இதே ஊர்ப்பக்கம் உள்நாட்டுப் போரின் பெரிய சரணாகதி நடந்தபோது, சும்மா காத்திருந்த இரு தரப்புச் சிப்பாய்களும் ஒரு புகையிலைக் கிடங்கைச் சூறையாடினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே புகையிலை வேண்டும் என்று கடிதம் போட்டார்கள். டர்ஹாமுக்கு அதைவிட நல்ல விளம்பரம் அமையவில்லை.

அங்கே ஒரு பெரியவர் என்னிடம், உங்கள் ஊரில் என்ன புகைப்பார்கள் என்றார். 'செரூட்' என்ற ஆங்கில வார்த்தையே எங்கள் சுருட்டிலிருந்து வந்தது என்றேன். நம்பவில்லை. போனில் அகராதியைத் திறந்து காட்டினேன். தாத்தா வாயோரத்தில் அணைந்த சுருட்டோடு கணக்கு எழுதுவது ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு. வீடு

செய்தித்தாள் பொட்டலம் கராஜில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவு. "உங்க சட்டையும் அங்கயே இருக்கட்டும்."

இலையில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பாலிதீன் பையில் நேற்று ராத்திரியே போட்டு வைத்திருந்தேன். காலையில் பதம். நடு நரம்பை நுனியிலிருந்து பிடித்து இழுத்தால் சர்ரென்று கழன்று வருகிறது. இந்தச் சத்தம் பிடித்துப்போய், தேவைக்கு மேலேயே உரித்துவிட்டேன். கிழிந்த இலைகளை உள்ளே வைத்து, நல்ல அகல இலையை மேலே சுற்றி, வைக்கோல் புரி திரிப்பது போலத் திரித்தேன். முதல் இரண்டும் நடுவில் பிரிந்தன. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். "இறுக்கிப் பிடிச்சு ஒரே பக்கமா முறுக்குடா, ரெண்டு கையும் எதிரெதிரா போனா பிரியத்தான் செய்யும்" என்றார். தாத்தாவிடம் பார்த்த கை. மூன்றாவது நின்றது. இரண்டாக மடக்கியதும் தானாகவே ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டது. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் கனம். சமையலறை டிராயரில் கிடந்த வெள்ளை நூலால் இரு முனையும் கட்டினேன்.

நான் புகைப்பவன் இல்லை. ஆனாலும் ஒரு தடவை கொளுத்திப் பார்க்காமல் கம்பளியில் வைக்க மனசு வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து நாலு வில்லை சீவித் தேய்த்து அடைத்தேன். தீக்குச்சி கூடாது, உரசும் தீக்குச்சி 1820-களில் வந்தது. சக்கிமுக்கிக் கல், இரும்பு, கரித்துணி. இருபது நிமிடம், ஒரு விரல் நகம் போனது. மூன்று இழுப்பு. முதல் இழுப்பில் காய்ந்த புல், இரண்டாவதில் மிளகு, மூன்றாவதில் விக்கல். நெற்றியில் குளிர்ந்த வியர்வை. அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெடிமருந்துப் பை மாட்டியிருக்கும்போது முகாமில் யாரும் புகைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம், இதைப் புகைத்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தூக்கவும் முடியாது.

சாயங்காலம் சார்ஜெண்ட் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மோந்தார். கத்தியால் ஒரு வில்லை சீவி வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடினார். எங்கே கிடைத்தது என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டினார். எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் நுனியில் கட்டியிருந்த வெள்ளை நூலை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து நூல் முனையில் காட்டினார். அது எரியவில்லை. உருகி, சின்னதாக ஒரு கறுப்பு மணியாகத் திரண்டது.

"நைலான்" என்றார்.